பழைய யன்னல்களில் ஈயப் பெயின்ட்: வாடகை வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: கடற்பக்க மேல்மாடி

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீடொன்றின் மேல்மாடியில் இரண்டு வருடங்களாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரரின் தகப்பனார் எழுபதுகளின் தொடக்கத்தில் வாங்கியபோதே அது பழைய வீடாக இருந்ததாம். மரத்தினாலான பெரிய யன்னல்கள் ஒன்பது இருக்கின்றன. கீழே புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல் என்பதால் உப்புக்காற்று ஓயாமல் அடித்து, யன்னல்களின் எனாமல் பெயின்ட் கொப்புளித்துச் செதில் செதிலாக உரிந்து விழுகிறது.

எங்கள் மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. புகையிரதச் சத்தம் கேட்டால் ஓடிப்போய், யன்னலின் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். போன வாரம் அந்தச் சட்டத்தைத் துடைத்தபோது அதன் விளிம்பில் சின்னஞ்சிறு பற்தடங்கள் நான்கைக் கண்டேன். அந்த இடத்தில் மேலிருந்த வெள்ளை நீங்கி, அதன் கீழே பச்சை, அதற்குக் கீழே பழுப்பேறிய மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவி நிறம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று என் அண்ணா எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியாக இல்லை.

வீட்டுக்காரரை நாங்கள் அங்கிள் என்றே அழைப்போம். எங்கள்மேல் அக்கறை உள்ளவர். அவரிடம் சொன்னதும், “அதற்கென்ன பிள்ளை, பெயின்ட் அடிக்கும் பாஸை அனுப்பிப் பழைய பெயின்ட் முழுவதையும் மெஷின் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்துத் தருகிறேன். ஒரு அறையில் வேலை நடக்கும்போது மற்ற அறைக்கு மாறிக்கொண்டால் போதும்” என்றார். அடுத்த மாத முதல் வாரத்தில் வேலை தொடங்கவிருக்கிறது.

பெயின்ட்டில் ஈயம் உள்ளதா என்று பார்ப்பதும், வேலையைப் பிள்ளைக்குத் தீங்கு வராமல் செய்விப்பதும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பா, குடியிருப்பவரின் பொறுப்பா? இலங்கைச் சட்டம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? வேலை நடக்கும் நாட்களில் நாங்கள் அந்த வீட்டிலேயே இருக்கலாமா? ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்திருக்கிறோம், உடன்படிக்கையில் இன்னும் ஏழு மாதங்கள் மீதி உள்ளன. அங்கிளின் மனம் நோகாமல், அதே நேரம் விட்டுக்கொடுக்காமல், இதை எப்படிக் கேட்பது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பெயின்ட் வேலை, 26 வருடம்

சகோதரி, எல்லாவற்றுக்கும் முதலில் அந்த மெஷின் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயப் பெயின்ட்டை விட, தேய்த்துத் தூளாக்கிய ஈயப் பெயின்ட் பல மடங்கு ஆபத்தானது. நீங்கள் கண்ட செதிலைப் பிள்ளையின் கையிலிருந்து பறித்துவிடலாம். தூசியைப் பறிக்க முடியாது. அது கண்ணுக்குத் தெரியாத அளவு மென்மையாகப் பறந்து, மெத்தையிலும் திரைச்சீலையிலும் விளையாட்டுப் பொருட்களிலும் படிந்து, தவழும் பிள்ளையின் கைவழியாக வாய்க்குப் போய்விடும். மற்ற அறைக்கு மாறினால் போதும் என்று உங்கள் அங்கிள் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கதவிடுக்கு இருக்கும்வரை தூசிக்கு அறை என்ற கணக்கே கிடையாது.

அடியில் கண்ட செங்காவி நிறத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் அதிகம். முன்பு மரத்துக்கும் இரும்புக் கிரிலுக்கும் முதற்பூச்சாகச் சிவப்பு ஈயம் கலந்த பெயின்ட் பூசுவது வழக்கம். சிந்தூரம் என்று நாம் சொல்லும் அதே பொருள்தான் அது. பழைய மஞ்சளிலும் பச்சையிலும் ஈயக் குரோமேற் இருப்பதுண்டு. எனாமல் விரைவாகக் காய்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரிலும், தண்ணீர் கலந்து பூசும் எமல்ஷன் பெயின்ட் அடித்த சுவரிலும் இந்தக் கவலை மிகக் குறைவு. கதவு, யன்னல், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, பழைய தொட்டில் என்று எனாமல் பட்ட இடங்களையே முதலில் பாருங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இணையத்தில் படித்துவிட்டு, 1978க்கு முன் கட்டிய வீட்டுக்குத்தான் இந்தப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1978 என்பது அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்த ஆண்டு. நம் நாட்டில் பெயின்ட்டில் உள்ள ஈயத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விதித்த கட்டாய எல்லை 2013 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எனாமலுக்கு ஒரு கிலோகிராமில் 600 மில்லிகிராம், எமல்ஷனுக்கும் சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்ட்டுக்கும் 90 மில்லிகிராம் என்பது அந்த எல்லை. ஆகவே கொழும்பில் வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதைவிட, 2013க்கு முன் அதில் எனாமல் பூசப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2005இல் கட்டிய தொடர்மாடி வீடும் இந்தக் கணக்குக்குள் வரும்.

வேலையை இப்படிச் செய்யலாம். யன்னற் கதவுகளைப் பிணைச்சலோடு கழற்றி வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய்விடுவதே மிகச் சிறந்தது; வீட்டுக்குள் சட்டங்கள் மட்டுமே மிஞ்சும். அவற்றைச் சுரண்டும்போது தண்ணீர் தெளிப்பானால் நன்றாக நனைத்து, ஈரமாகவே சுரண்ட வேண்டும். சாண்ட் பேப்பர் போடுவதானால் தண்ணீரில் தோய்த்துப் போடும் வகையைத்தான் பாவிக்க வேண்டும். நெருப்பு விளக்கைப் பிடித்துப் பெயின்ட்டை எரித்து எடுக்கவே கூடாது. அந்தப் புகையில் ஈயம் இருக்கும், அதை முதலில் சுவாசிப்பவர் பாவம் அந்த பாஸ்தான். நிலத்தில் தடித்த பொலித்தீனை விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, அறையின் வாசலையும் அதேபோல மூடிவிட வேண்டும். விழுந்த செதில்களைப் பொலித்தீனோடு சுருட்டிக் கட்டி அகற்ற வேண்டுமே தவிர, யன்னல் வழியாகக் கீழே தட்டிவிடக் கூடாது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் மண்ணில் அது வருடக்கணக்காகக் கிடக்கும்.

முடிந்த பிறகு தும்புத்தடியால் கூட்ட வேண்டாம். சாதாரண வெக்யூம் கிளீனரும் நுண்தூசியைப் பின்பக்கத்தால் திரும்ப ஊதிவிடும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, தண்ணீரை மாற்றி மறுபடியும் துடைத்து, துணியை வீசிவிடுங்கள். இது பிந்தினாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய வேலை அன்று. பெயின்ட் பூசிய கூலியோடு இந்தக் கூலியையும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர்.

பதில்: புதுக்கடைச் சட்டத்தரணி

சட்டம் பற்றிக் கேட்டிருப்பதால் பொதுவான நிலையைச் சொல்கிறேன். உங்கள் உடன்படிக்கையைப் பார்க்காமல் முடிவான ஆலோசனை கூற இயலாது என்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் உள்ளது போல, வாடகைக்குக் கொடுப்பவர் ஈயப் பெயின்ட்டைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. மேலே சொல்லப்பட்ட 2013 ஒழுங்குவிதி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வந்தது. சுற்றாடல் அமைப்புகள் பெயின்ட் மாதிரிகளைச் சோதித்து, உயர் நீதிமன்றம் வரை சென்றதன் பின்னணியில் வந்த ஒழுங்குவிதி அது. அது பெயின்ட்டை உற்பத்தி செய்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துகிறதே அன்றி, ஏற்கெனவே சுவரிலும் மரத்திலும் இருக்கும் பெயின்ட்டைப் பற்றிப் பேசவில்லை. இன்று கடையில் புதிதாக வாங்கும் பெயின்ட்டைப் பற்றி முறைப்பாடு இருந்தால் 1977 என்ற இலக்கத்தில் அதிகார சபையை அழைக்கலாம்.

ஆனால் தனிச்சட்டம் இல்லை என்பதற்காகச் சொந்தக்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று எவரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டப்படி, வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் அது எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குத் தகுந்த நிலையில் ஒப்படைக்கவும், உடன்படிக்கையில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் அந்த நிலையில் பேணவும் கடமைப்பட்டவர். குடியிருப்புக்கென்று கொடுத்த வீட்டில் ஒரு குழந்தை யன்னலோரத்தில் நிற்க முடியாத நிலை இருக்குமானால், அந்த வீடு குடியிருப்புக்குத் தகுந்த நிலையில் இல்லை என்று வாதிட இடமுண்டு. தமக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய குறைபாட்டுக்கு வாடகைக்குக் கொடுத்தவர் பொறுப்பாளி என்பதும் பழைய கோட்பாடுதான். ஆகவே நீங்கள் அவருக்கு எழுத்தில் அறிவிக்கும் நாள் முக்கியமான நாள். அதற்குப் பின் தமக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.

வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். உரிந்த இடங்களின் படங்களுடன், திகதியிட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். பிள்ளையின் வயது, உரிந்த யன்னல்களின் எண்ணிக்கை, உலர்நிலையில் தேய்க்கக் கூடாது என்ற வேண்டுகோள், சோதனைச் செலவையும் வேலை நாட்களில் மாற்று இருப்பிடச் செலவையும் யார் ஏற்பது என்பவற்றை அதில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அன்பாக எழுதிய கடிதமும் சான்றுதான்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் விதி. கொழும்பில் எத்தனையோ பேர் முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதையே உடன்படிக்கை என்று நம்பியிருக்கிறார்கள். உங்களுடையது எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். எது எப்படியாயினும், நீதிமன்றக் கட்டளை இன்றி உங்கள் பொருட்களைத் தூக்கி வெளியே வைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. 2023இல் வந்த, குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறும் விசேட ஏற்பாடுகள் சட்டமும் நீதிமன்றத்தின் ஊடாகவே செயல்படுகிறது. இணக்கம் ஏற்படாவிட்டால் மத்தியஸ்த சபையை நாடலாம். இப்படிப்பட்ட விடயம் அங்கே பெரும்பாலும் பேசித் தீரக்கூடியது.

பதில்: கிரிலப்பனை வாசி

சட்டத்தரணி ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் ஒரு கேள்வி. வீட்டைச் சுற்றிப் பார்த்து, யன்னலின் நிலையையும் கண்டுதானே இவர்கள் வாடகைக்கு எடுத்திருப்பார்கள்? கண்ணால் கண்டு ஏற்றுக்கொண்ட குறையை இரண்டு வருடங்கள் கழித்துச் சொந்தக்காரர் தலையில் போடுவது நியாயமா? வாடகை வருமானத்தில் மருந்து வாங்கி வாழும் முதியவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

பதில்: புதுக்கடைச் சட்டத்தரணி

நியாயமான கேள்வி. உரிந்த பெயின்ட் கண்ணுக்குத் தெரியும், ஆகவே அதன் அழகுக்கேட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அந்தப் பெயின்ட்டுக்குள் இருக்கும் ஈயம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வது கடினம். மேலும் இங்கே ஆபத்தை உண்டாக்கப்போவது சொந்தக்காரர் தாமே ஏற்பாடு செய்யும் தேய்ப்பு வேலை. வேலைக்கு ஆள் அமர்த்துபவர் அதனால் பிறருக்குத் தீங்கு நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு வாடகைச் சட்டமே தேவையில்லை.

பதில்: கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர்

நான் மறுபக்கத்தில் இருப்பவன். கொட்டாஞ்சேனையில் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டின் இரண்டு பகுதிகளை வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். கிரிலப்பனை நண்பர் சொல்வது போல எங்களுக்கும் பாரம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு நடந்ததைச் சொன்னால் நான் ஏன் இந்தப் பிள்ளையின் தாயாரின் பக்கம் நிற்கிறேன் என்று விளங்கும்.

சில வருடங்களுக்கு முன், கீழ்ப்பகுதியில் குடியிருந்த குடும்பம் கேட்டுக்கொண்டதால், முன்விறாந்தைக் கிரிலையும் கதவுகளையும் புதுப்பித்துக் கொடுத்தேன். மூன்று நாட்கள் மெஷினால் தேய்த்தார்கள். செம்மஞ்சள் நிறத் தூசி விறாந்தை முழுவதும் மாவு போலப் படிந்திருந்தது. அந்த வீட்டுப் பெண் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தும்புத்தடியை எடுத்துத் தானே கூட்டிச் சுத்தம் செய்தார். நான் வாசலில் நின்று, “பரவாயில்லை மகள், பாஸ் கூட்டுவார்” என்று சொன்னேனே தவிர, உள்ளே போய் அந்தத் தும்புத்தடியை வாங்கி வைக்கவில்லை. ஈயம் என்ற சொல்லே அன்று என் மனதில் இல்லை. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சமைத்தவர்கள்தானே நாம் என்று பின்னர் ஒருவரிடம் சொன்னபோதுதான், பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், பெயின்ட்டில் இருப்பது காரீயம், இரண்டும் வேறு உலோகங்கள் என்று அவர் விளக்கினார். அந்தக் குழந்தை நலமாகப் பிறந்தது, இறைவனுக்கு நன்றி. ஆனாலும் அந்தத் தும்புத்தடி இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்கள் அங்கிளிடம் சட்டத்தைக் கொண்டு தொடங்காதீர்கள். அந்தப் பற்தடத்தைக் காட்டுங்கள். மேலே வந்து யன்னலைப் பாருங்கள் என்று கூப்பிட்டு, பிள்ளை அதில் நிற்பதையும் பார்க்க விடுங்கள். பிறகு கடிதத்தைக் கையில் கொடுங்கள். செலவைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: மரமும் யன்னலும் அவருடைய சொத்து, வேலை முடிந்தபின் மதிப்புக் கூடுவதும் அந்தச் சொத்துக்குத்தான், ஆகவே பாதுகாப்பாகச் செய்யும் செலவும் அவருடையதே. ஒரேயடியாக முடியாதென்றால், பிள்ளை தூங்கும் அறையையும் அந்தப் புகையிரத யன்னலையும் முதலில் முடித்து, மற்றவற்றுக்குத் திகதி குறித்துத் தரச் சொல்லுங்கள். நான் இப்போது புதிதாக யாருக்கு வாடகைக்குக் கொடுத்தாலும், எந்தக் கதவில் பழைய எனாமல் இருக்கிறது என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடுகிறேன்.

பதில்: பொரளைத் தாதி

அம்மா, பெயின்ட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

விழுங்கிய ஈயத்தை வளர்ந்தவர்களின் உடல் உறிஞ்சுவதை விட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளையின் உடல் உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈயத்தை உடல் கல்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. வளரும் மூளையை அது பாதிக்கிறது; கற்கும் திறன், கவனம், நடத்தை எல்லாவற்றிலும் அதன் விளைவு தெரியும், ஏற்பட்ட பாதிப்பைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க முடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. மிக முக்கியமாக, அதிகமான பிள்ளைகளில் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. “பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே” என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

ஆகவே இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்வியுங்கள். பிள்ளை சட்டத்தைக் கடித்ததைப் படத்தோடு குழந்தை வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வழமையான இரத்தப் பரிசோதனையில் இது வராது. தனியாக எழுத வேண்டும். எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என்று தெரியாவிட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தில் வைத்தியரோ நீங்களோ கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் அதே ஆண்டில் 3.5 என்ற அளவை மேலதிக கவனத்துக்குரியதாக வைத்தார்கள். உடலிலிருந்து ஈயத்தை வெளியேற்றும் மருந்து 45 அளவிலிருந்துதான் சிறுவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உண்மையான மருந்து, வீட்டிலிருந்து அந்தத் தூசியை அகற்றுவதுதான். நான் இதை வீட்டுச் சொந்தக்காரர்களின் கவனத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் உடல் ஈயத்தைக் கூடுதலாக ஏற்கும். கிளினிக் கொப்பியோடு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கண்டு பிள்ளையின் இரும்புச்சத்தைப் பற்றியும் கேளுங்கள். பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை இவற்றோடு கொய்யா போன்ற பழங்களும் கொடுங்கள். சாப்பிடுமுன்னும் படுக்குமுன்னும் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். கண்மையோ, சிந்தூரமோ, எங்கிருந்தோ கொண்டுவந்த பொடிமருந்தோ வீட்டில் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவற்றில் சிலவற்றிலும் ஈயம் உண்டு.

வேலை நடக்கும் நாட்களில் அந்த வீட்டில் இருக்கலாமா என்று கேட்டீர்கள். இருக்கக் கூடாது. நீங்கள் கர்ப்பமாக இருந்தால் இன்னும் கண்டிப்பாக இருக்கக் கூடாது. தாயின் இரத்தத்திலுள்ள ஈயம் கருவுக்கும் போகும்.

பதில்: குயீன்ஸில் இருந்து

கொழும்பில் வளர்ந்து, பல வருடங்களாக நியூயோர்க்கில் வாடகைக்கு இருக்கிறேன். இங்குள்ள சட்டம் கொழும்பில் செல்லாது என்று தெரிந்தே எழுதுகிறேன். பொறுப்பை எப்படிப் பிரிக்கலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரியாக மட்டும் பாருங்கள்.

அமெரிக்க மத்திய அரசு 1992இல் இயற்றிய சட்டத்தின்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர், கையெழுத்து வாங்குமுன் தமக்குத் தெரிந்த ஈயப் பெயின்ட் விவரத்தையும் கையிலுள்ள சோதனை அறிக்கைகளையும் கொடுத்து, ஒரு தகவல் கைநூலையும் தர வேண்டும். இந்த அறிவிப்பு விதி 1996இல் நடைமுறைக்கு வந்தது. சோதித்துப் பார், அகற்று என்று அது கட்டாயப்படுத்துவதில்லை, தெரிந்ததை மறைக்காதே என்பதோடு நின்றுவிடுகிறது. 2010 முதல், அப்படிப்பட்ட வீட்டில் பெயின்ட்டைக் கிளப்பும் திருத்த வேலையைச் சான்றிதழ் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. வாடகை வீட்டில் சொந்தக்காரர் தாமே வேலை செய்தாலும் அது பொருந்தும்.

நகரங்களும் மாநிலங்களும்தான் இதற்கு மேலே போயின. மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1971 முதலே, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை குடியிருந்தால் ஈய ஆபத்தை நீக்குவது சொந்தக்காரரின் கடமை. நியூயோர்க் நகரின் 2004ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டத்தின்படி, 1960க்கு முன் கட்டிய தொடர்மாடிகளின் சொந்தக்காரர் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு படிவம் அனுப்பி, சிறு பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று குடியிருப்பவரைக் கேட்க வேண்டும். பிள்ளை இருந்தால் ஆண்டுக்கொரு முறை வந்து பெயின்ட்டைப் பார்வையிட வேண்டும், உரிந்திருந்தால் தமது செலவில் முறைப்படி திருத்த வேண்டும். என் மகள் சிறியவளாக இருந்தபோது எங்கள் கட்டடக் காவலர் கைவிளக்கோடு வந்து, யன்னல் மேலும் கீழும் ஓடும் தடத்தை விரலால் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. திறந்து மூடும்போது மரமும் மரமும் உராயும் இடம் என்பதால், புதுப் பெயின்ட் பூசினாலும் அங்கேதான் பழைய தூசி மீண்டும் கிளம்பும் என்றார். சகோதரி, உங்கள் யன்னல்களிலும் அந்த உராயும் விளிம்புகளை வெறுமனே பூசி மூடிவிட விட வேண்டாம். அடிமரம் தெரியும்வரை ஈரமாகச் சுரண்டச் சொல்லுங்கள், அல்லது அந்தத் துண்டையே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: கடற்பக்க மேல்மாடி

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். நடந்ததை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை ஐயா சொன்னபடி அங்கிளை மேலே அழைத்தோம். அவர் முழங்காலில் இருந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பற்தடத்தை வெகுநேரம் பார்த்தார். தாமும் சிறுவயதில் இதே யன்னலில் நின்று புகையிரதம் பார்த்ததாகச் சொன்னார். அதன் பிறகு நான் கடிதத்தைக் கொடுத்தபோது மறுப்பேதும் சொல்லாமல் வாங்கி, இரண்டு பிரதியிலும் திகதியிட்டுக் கையொப்பமிட்டார்.

மெஷின் வேலை கைவிடப்பட்டது. ஒன்பது யன்னல்களின் கதவுகளையும் கழற்றி வேலைத்தளத்துக்குக் கொண்டுபோவதென்றும், சட்டங்களை ஈரமாகச் சுரண்டுவதென்றும், அதுவரை வாசல்களைப் பொலித்தீனால் அடைப்பதென்றும் பேசி முடித்திருக்கிறோம். பாஸ் முதலில் நேரம் வீணாகும் என்றார். எரிக்கும்போது எழும் புகையைப் பற்றிப் பெயின்ட் வேலை அண்ணா எழுதியதை வாசித்துக் காட்டியதும், தன் வீட்டிலும் சிறு பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லி, வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே கழற்றிப் பையில் கட்டி வைப்பதாக ஒத்துக்கொண்டார். நான்கு அடுக்கும் சேர்ந்த செதில் ஒன்றைச் சிறு பொலித்தீன் உறையில் போட்டுச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், அந்தக் கட்டணம் அங்கிளுடையது. எங்கள் மாற்று இருப்பிடச் செலவைப் பற்றி அவர் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. அம்மாவின் வீடு தெஹிவளையில் இருப்பதால் அதை நான் வற்புறுத்தவும் இல்லை.

மகனின் இரத்தம் நேற்றுக் காலை எடுத்தார்கள். முடிவு வரும்வரை அந்த யன்னலின் அடிச்சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து, தடித்த பொலித்தீனைச் சுற்றி டேப் போட்டு ஒட்டி, முன்னால் புத்தக அலுமாரியை நகர்த்தி வைத்திருக்கிறேன். புகையிரதம் வரும்போது அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலுமாரிக்கு மேலாகக் காட்டுகிறேன்.